மீன்கள் பார்த்த கதவு

எட்டாம் தளத்து நடைபாதையில் ஒரு மீன் மட்டும் திரும்பியிருந்தது.

மற்ற மீன்களெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. கருநீலக் கம்பளம், அதில் விரல் நீளத்துக்கு வெள்ளி மீன்கள், நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூட்டம் கூட்டமாக, அத்தனையும் கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்தபடி. அவ்வளவு பெரிய கப்பலில், ஜன்னல் இல்லாத நடைபாதையில், யாருக்கும் திசை தப்பிப் போகும். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் ஆட்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். மீன் போகிற பக்கம் நடந்தால் முன்பக்கம், மீனை எதிர்த்து நடந்தால் பின்பக்கம். சுகுமாறனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவருடைய மகள் அமுதவள்ளி. அந்தக் கம்பளத்தை வரைந்தவளும் அவள்தான்.

கப்பலைப் புதுப்பிக்கிற வேலை அவள் இருந்த டிசைன் கம்பெனிக்குக் கிடைத்த நாளில், பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரசம் தொட்ட விரலால் மீன் போட்டுக் காட்டினாள். சுகுமாறன் காலமெல்லாம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் குப்பை கொட்டிய மனிதர். "நம்ம வேலையத்தான் நீயும் பாக்குற. என்ன, உனக்கு ஏர்கோன் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு. அந்த வாரம் சலூனில் முடி வெட்டியவரிடம்கூட மீன் கதையைச் சொன்னார்.

கப்பல் வேலை முடிவதற்குள் அவள் போய்விட்டாள். போன வருடம், பெடரல் ஹைவேயில், மழையில், ஒரு லோரிக்கு அடியில். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண்.

அதனால்தான் அந்த ஒற்றை மீனைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. சுவரோரமாக இருந்தது அது. கூட்டத்தில் எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவளைப் போல எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. குனிந்து தடவிப் பார்த்தார். ஒட்டியதல்ல, நெய்ததுதான். விரலில் ஈரம் தட்டுப்பட்டது.

"என்னங்க, கீழ என்ன பாக்குறீங்க?" என்றாள் குமுதா, கேபின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு.

"ஒண்ணுமில்ல. செருப்பு வாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் கப்பல் ஏறியது அன்று மதியம்தான். மகளோடு வேலை பார்த்த பிரெண்டா என்ற பெண்ணின் ஏற்பாடு அது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பி, மலாக்கா நீரிணையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மீண்டும் கிள்ளானுக்கே வரும் சின்னப் பயணம். "அமுதா பண்ண வேலய நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவையாச்சும் பாக்கணும் அங்கிள், இல்லாட்டி எனக்கு மனசு ஆறாது லா" என்று நச்சரித்தே கூட்டிவந்துவிட்டாள். சுகுமாறன் சம்மதித்தது மகளுக்காக அல்ல, குமுதாவுக்காக. ஒரு வருடமாகக் குமுதா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட்டதில்லை. பேச்சும் அப்படித்தான். ராத்திரியில் எழுந்து மகளின் அறைக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாள். மகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை, மிச்சமிருக்கிற இவளையாவது மனுஷியாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவருக்கு வேறெந்த ஆசையும் இல்லை.

பிரெண்டா அன்று சாயங்காலம் அவர்களுக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டினாள்.

நடுக்கூடத்தில் மூன்று தள உயரத்துக்குக் கண்ணாடி இலைகள் தொங்கின. பச்சையும் மஞ்சளுமாக, ஒன்றுக்கொன்று தொடாத மாதிரியும் தொட்டுவிடுகிற மாதிரியும். கப்பல் அசையும்போதெல்லாம் அவை மெல்ல உரசி, எலுமிச்சை ஜூஸில் ஐஸ்கட்டி இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் தந்தன. வெள்ளைக்காரக் கிழவர்கள் தலையை நிமிர்த்தி வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுமாறனுக்கு அவர்கள் ஒவ்வொருவரின் தோளையும் தட்டி, இது என் மகள் செய்தது என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

உணவுக்கூடத்தில் மேசைகளுக்கு நடுவே பித்தளைத் தடுப்புகள். அருகில் போய்ப் பார்த்த குமுதா அப்படியே நின்றுவிட்டாள். அரைச்சூரியன், அதற்குள் வைரக் கட்டம், மூலையில் ஒரு வளைவு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டின் ஜன்னல் கம்பி அது. அந்த வீடுகளை இடித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பள்ளி விட்டு வரும் மகளுக்காகக் குமுதா தினமும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

"நான் நிக்கிற இடம்ங்க" என்றாள் கம்பியைப் பற்றிக்கொண்டு. "பிள்ள ஞாபகம் வச்சிருக்கா."

தியேட்டர் திரைச்சீலையைப் பார்த்ததும் அவள் சிரித்தேவிட்டாள். அரக்கு நிறம், அடியில் பொன் ருத்திராட்சக் கரை. அவளுடைய கல்யாணப் புடவை. "மாதிரிக்குன்னு சொல்லித்தான் என் சேலைய எடுத்துட்டுப் போனா! நான் திட்டித் தீர்த்தேன்!" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெரிய துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு வருடம் கழித்துக் கேட்ட சிரிப்பு. சுகுமாறனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரெண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

கூட்டிவந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் அவர் எட்டாம் தளத்துக்கு இறங்கினார். நடைபாதையில் இப்போது ஐந்தாறு மீன்கள் திரும்பியிருந்தன.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது பிரெண்டாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். நெசவில் தப்பு நடக்குமா?

"சான்ஸே இல்ல அங்கிள். மெஷின்ல ஒரே ரோலா நெய்யுறது. அமுதா தரையில தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு மீனையும் செக் பண்ணா. ஒண்ணு திரும்புனாக்கூட ஆளு வழி மாறிப் போய்ருவாங்கன்னு சொல்லுவா. ஏன் அங்கிள்?"

"சும்மா கேட்டேன்மா."

வயசாகிறது, கண் ஏமாற்றுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அன்று ஒவ்வொரு முறை கேபினுக்குப் போகும்போதும் அவர் பார்வை தானாகக் கீழே போனது. மத்தியானத்தில் ஒரு பக்கத்து மீன்கள் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. அந்தப் பக்கம், கம்பளத்தில் கால் வைத்த இடமெல்லாம் சதசதவென்று இருந்தது. கூட்டிப் பெருக்கும் பையன்கள், குழந்தைகளோடு போகும் சீனக் குடும்பம், யாரும் எதையும் கவனிக்கவில்லை. முன்பக்கம் போகிறவை முன்பக்கமாகவும், எதிர்ப்பக்கம் வருகிறவை எதிர்ப்பக்கமாகவும் வந்து, இரண்டு கூட்டமும் ஒரு இடத்தில் முட்டி நின்றன. அந்த இடத்துக்கு நேரே இருந்தது அவர்களுடைய கேபின் கதவு.

குமுதாவிடம் சொல்லவில்லை. அவள் அன்று மத்தியானம் ஒரு தட்டு சோறு முழுசாகச் சாப்பிட்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மண் அள்ளிப்போட அவருக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் கப்பல் கிள்ளானை நெருங்கித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. விடிந்தபிறகுதான் கரைக்குப் போகும் என்று அறிவித்தார்கள். கேபினின் வட்ட ஜன்னலில் தூரத்துக் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிகளைப் போல வரிசையாகத் தெரிந்தன. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரில்தான், ஒரு வாடகைப் படகில் வந்து, மகளின் அஸ்தியைக் கரைத்தார்கள்.

குமுதா பெட்டியைத் திறந்து, புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு வாழையிலையை எடுத்தாள்.

"இன்னைக்குத் திதிங்க. வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. பிள்ள இங்கதான் இருக்கா."

அவர் பெட்டியை ஓரமாக நகர்த்தித் தரையில் இடம் விட்டார். உணவுக்கூடத்திலிருந்து மூடி எடுத்துவந்த சோறு, வீட்டில் செய்து ஜாடியில் கொண்டுவந்த நெத்திலி சம்பல், முறுக்கு, ஒரு கோப்பை மைலோ. தரையில் இலையை விரித்து எல்லாவற்றையும் பரிமாறினாள். நெருப்புக்கு அனுமதி இல்லை, ஆகவே கற்பூரத்துக்குப் பதில் பேட்டரி விளக்கு. மகளின் போட்டோவைச் சுவரில் சாய்த்து வைத்துப் பொட்டு வைத்தாள். பிறகு அந்தப் பெயரை, ஒரு வருடமாக வாயில் வராத பெயரை, மகள் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரிச் சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

"அமுதா, வந்து சாப்பிடும்மா."

இனி கதவை மூடிவிட்டு வெளியே போய் நிற்க வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. போனவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் இருக்கிறவர்கள் அங்கே இருக்கக் கூடாது. கொஞ்சம் பொறுத்து, கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். தட்டுகிற சத்தம்தான் வந்தவர்களுக்கு விடை. தட்டினால் எழுந்து போய்விடுவார்கள். பதினாறாம் நாள் படையலின்போது குமுதா வெளியே வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பிள்ள சாப்பிடுறப்ப நான் ஏன் வெளிய நிக்கணும்?" என்று அவள் கத்தியதும், நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி வந்ததும், சுகுமாறனுக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

"நீங்க போங்க. தண்ணி வச்சிட்டு வந்துர்றேன்" என்றாள் இப்போது.

அவர் கதவுச் சாவி அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கனமான கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. டொக் என்று பூட்டு விழுந்தது.

அவள் வரவில்லை. அவள் வரமாட்டாள் என்பது பூட்டு விழுந்த சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

நடைபாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க மேல்தளத்துக்குப் போயிருப்பார்கள். பகலா இரவா என்று தெரியாத அந்த மஞ்சள் வெளிச்சத்தில், ஏர்கோன் மூச்சுவிடும் சத்தத்துக்கு அடியில், எங்கோ தூரத்து நடுக்கூடத்தில் கண்ணாடி இலைகள் உரசுவது கேட்டது. கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது, கடலும் அமைதியாக இருக்கிறது, பிறகு ஏன் அவை அசைகின்றன என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, புதுக் கம்பளத்தின் பசை வாடையை மீறிச் சேற்றுக்கடலின் உப்பு வாடை, அன்று படகில் அடித்த அதே வாடை, கதவின் அடியிலிருந்து கசிந்து வந்தது. செருப்புக்குள் குளிர்ந்தது. கீழே பார்த்தார். மீன்கள் எல்லாம் திரும்பியிருந்தன, ஒன்று பாக்கியில்லாமல். இரண்டு பக்கத்திலிருந்தும் அவர் காலைச் சுற்றிக்கொண்டு, கதவை நோக்கி.

உள்ளே குமுதா பேசினாள்.

என்ன பேசுகிறாள் என்று தெளிவாகக் கேட்கவில்லை. ஊட்டிவிடும்போது பேசுகிற குரல். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிற குரல். பாவி, ஒரு வருடமாக இந்தக் குரலை யாரிடமும் காட்டாமல் எங்கே வைத்திருந்தாளோ. அவர் தட்டுவதற்காகக் கையை ஓங்கினார்.

அப்போது இன்னொரு குரல் சிரித்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மகள் சிரிக்கும்போது முதலில் மூக்கில் ஒரு சத்தம் வரும். பிறகுதான் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெற்றவருக்குத் தெரியாதா? சுகுமாறன் நெற்றியைக் கதவில் வைத்தார். குளிர்ந்திருந்தது கதவு. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தட்டினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். தட்டினால் அவள் எழுந்து போய்விடுவாள். எந்தத் தகப்பன் தட்டுவான்?

இன்னும் கொஞ்ச நேரம், என்று சொல்லிக்கொண்டார். அவள் சாப்பிடட்டும். பசியோடு போன பிள்ளை.

உள்ளே இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் சமையலறையில் பேசிக்கொள்வார்களே, ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி தொடங்கி, அப்படி. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். உப்புத் தண்ணீர் கணுக்காலில் ஏறியது போலிருந்தது. பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு முழுசாக இருந்தது.

வரவரக் குமுதா குறைவாகப் பேசினாள்.

முதலில் அவர் அதைக் கவனிக்கவில்லை. மகள் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குமுதா ஊம் கொட்டினாள். பிறகு அந்த ஊமும் இடைவெளி விட்டு வந்தது. தூக்கம் வருகிறவள் போடுகிற ஊம். பிறகு அது இல்லை.

மகளின் குரல் மட்டும்.

"குமுதா" என்றார், கதவோடு வாயை வைத்து.

உள்ளே பேச்சு நின்றது.

"குமுதா, வெளிய வா. போதும்."

சோறு பிசைகிற சத்தம். மெல்லுகிற சத்தம். ஒரே வாய்.

தட்ட வேண்டும். இப்போதாவது தட்ட வேண்டும். வரலாமா என்று கேட்க வேண்டும். தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் கை சட்டைப் பைக்குப் போனது. பயத்தில் போனதா, ஆசையில் போனதா, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு முறை. ஒரே ஒரு முறை, அவள் எழுந்து போவதற்குள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டால். அட்டையை வைத்தார். பச்சை விளக்கு. பூட்டு விலகியது.

தட்டாமல் திறந்தார்.

பேட்டரி விளக்கு எரிந்தது. தரை காய்ந்திருந்தது. வட்ட ஜன்னலில் கடைசி வெளிச்சம். இலைக்கு முன்னால் குமுதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது, அங்கேயும் யாரும் இல்லை. அவருக்குப் போன உயிர் வந்தது.

"குமுதா. ஐயோ, பயந்தே போய்ட்டேன். எழுந்திரு, வா."

அவள் தலை நிமிர்ந்தாள். நரைத்த முடி, மூக்குத்தி, கழுத்தில் தாலி, எல்லாம் அவளுடையதுதான். வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அவரை நன்றாகப் பார்த்தாள். மூக்கில் ஒரு சத்தம் வந்தது, பிறகு சிரித்தாள்.

"அப்பா" என்றாள்.

சுகுமாறன் கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருடைய மனசு சந்தோஷப்பட்டது. அதை அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

அதற்குள் அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. இலையைப் பார்த்தாள். தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த தரையைப் பார்த்தாள். தன் கையைத் தூக்கி, அதில் கிடந்த பழைய பொன்வளையலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முகம் குழந்தை முகம்போலக் கோணியது.

"இப்பத்தான் ஊட்டிவிட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றாள். "அப்பா, அம்மா எங்கப்பா?"

பிசைந்த சோறு கையில் அப்படியே இருக்க, குமுதாவின் கண்கள் அவரைத் தாண்டி, திறந்த கதவுக்கு வெளியே, நடைபாதை நெடுகக் குமுதாவைத் தேடின.